இரண்டு வயது முள்ளெலியைத் தத்தெடுக்கச் சொல்கிறார்கள், எடுக்கலாமா?

கண்ணாடிச்சன்னல் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் அடுத்த மாதம் வேறு நாட்டுக்குக் குடிபோகிறார். அவர் வீட்டில் ஒரு முள்ளெலி இருக்கிறது. முள்ளம்பன்றி என்று நினைத்துவிடாதீர்கள், அது வேறு பிராணி. இது இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற ஆப்பிரிக்கக் குள்ள முள்ளெலி. பெண், வயது இரண்டு. கூடவே கொண்டுபோக முடியாதாம். "நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா, இல்லையென்றால் யார் தலையிலாவது கட்டிவிட வேண்டியதுதான்" என்றார். அந்தப் பேச்சு மனசைப் பிசைந்தது, போன ஞாயிறு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

பார்த்ததிலிருந்து நிம்மதி இல்லை. கம்பிக் கூண்டு, தரையும் கம்பி வலைதான், அதன்மேல் ஒரு பழைய துண்டு விரித்திருக்கிறார். ஓடுவதற்கு வைத்த சக்கரமும் ஏணிப்படி மாதிரி கம்பி கம்பியாக இருக்கிறது. சாப்பாடு பாலில் ஊறவைத்த ரொட்டி, சில நாள் பூனைத் தீனி. நான் குனிந்ததும் நெற்றி முள்ளை இறக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டு உஸ் உஸ் என்று மூச்சு விட்டது. பந்தாகச் சுருளப் பார்த்தது, ஆனால் முழுசாக மூட முடியாமல் நடுவில் ஒரு கீற்று வயிறு வெளியே தெரிந்துகொண்டே இருந்தது. எடை 640 கிராம் என்றார். "இது யாரோடும் ஒட்டாது, சாப்பாடு வைத்துவிட்டு விட்டுவிட வேண்டும்" என்பது அவர் சொன்ன அறிவுரை.

இரண்டு வயதுக்கு மேல் ஒரு முள்ளெலி புது ஆளிடம் பழகுமா? எங்கள் வீட்டில் இரவு ஏசியை 20 டிகிரியில் வைத்துத் தூங்குவோம், அது ஒத்துக்கொள்ளுமா? ஒன்பது வயது மகள் இருக்கிறாள், கேள்விப்பட்டதிலிருந்து துள்ளிக்கொண்டு இருக்கிறாள். இதற்கு முன் நாய் வளர்த்திருக்கிறேன், இந்த மாதிரி பிராணி எதுவும் தெரியாது. தெரியாமல் எடுத்து அதை இன்னும் கஷ்டப்படுத்திவிடக் கூடாது என்பதுதான் என் பயம். வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.


முள்பந்து எழுதியது:

சகோதரி, எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை. நீங்கள் இருக்கும் இடத்தில் முள்ளெலி வளர்க்கச் சட்டத்தில் இடம் உண்டா என்று அதற்கான அரசுத் துறையில் கேட்டுவிடுங்கள். இது ஊருக்கு ஊர் மாறுகிற விஷயம். அமெரிக்காவில் பல மாநிலங்களில் வளர்க்கலாம், கலிபோர்னியாவிலும் ஹவாயிலும் கூடாது. அவர் இரண்டு வருஷம் வைத்திருந்தார் என்பது உங்களுக்கு அனுமதி ஆகிவிடாது. அப்புறம், வளர்ப்பில் பிறந்ததுதானா என்றும் கேளுங்கள். காட்டிலோ தோட்டத்திலோ பிடித்த முள்ளெலி என்றால் அதை வீட்டில் வைக்கவே கூடாது, அது வேறு கதை.

அனுமதி இருக்கிறது என்றால் என் பதில், எடுங்கள். ஒன்பது வருஷத்தில் மூன்று முள்ளெலி வளர்த்திருக்கிறேன், இப்போது இருப்பவள் ஒன்றரை வயதில் இன்னொரு வீட்டிலிருந்து வந்தவள். வயது தடையில்லை. ஆனால் ஆயுள் கணக்கைத் தெரிந்துகொண்டு எடுங்கள். நன்றாக வைத்துக்கொண்டால் நான்கு முதல் ஆறு வருஷம், பல முள்ளெலிகள் மூன்றிலேயே போய்விடுகின்றன. உங்களிடம் வருவது பாதி வாழ்க்கை வாழ்ந்து முடித்த பிராணி.

இப்போது சூடு. மற்றதில் எல்லாம் ஒரு நாள் இரண்டு நாள் பிசகினாலும் சரிசெய்துகொள்ளலாம், இதில் முடியாது. இதன் பூர்வீகம் சஹாராவுக்குத் தெற்கே இருக்கும் புல்வெளி. கூண்டுக்குள் 24 முதல் 27 டிகிரி வரை இரவும் பகலும் ஒரே சீராக இருக்க வேண்டும். 20க்குக் கீழே இறங்கினால் உடம்பு குளிர்காலம் வந்துவிட்டதென்று நினைத்து உறக்கத்துக்குப் போகப் பார்க்கும். ஐரோப்பிய முள்ளெலி அப்படித் தூங்கி எழுந்துவிடும், அதற்கு முன்னால் மாதக்கணக்கில் கொழுப்பைச் சேர்த்து உடம்பைத் தயார் செய்திருக்கும். இந்தக் குள்ள வகைக்கு அந்தத் தயாரிப்பு கிடையாது. தூங்கினால் எழாமலே போகலாம். ஆகவே உங்கள் ஏசி அறையில் வைக்க வேண்டாம். வேறு அறை இல்லையென்றால் வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டரைக் கூண்டின் மேல் மாட்டி, அதைத் தெர்மோஸ்டாட்டோடு, அதாவது சூடு ஏறினால் தானாக நிறுத்தி இறங்கினால் போடுகிற கருவியோடு, இணைத்துவிடுங்கள். தெர்மோஸ்டாட்டின் உணர்முனை கூண்டின் தரையோரம் இருக்க வேண்டும், மேலே தொங்கவிட்டால் அங்கே 27 காட்டும், கீழே அது 21இல் படுத்திருக்கும். சூட்டுக் கல் வாங்காதீர்கள், வயிறு வெந்துவிடும். அந்தப் பக்கமும் எல்லை உண்டு. 30 டிகிரி தாண்டிவிட்டால் கைகால் பரப்பித் தரையோடு தரையாகப் படுத்து மூச்சு வாங்கும்.

வெளிச்சமும் இதோடு சேர்ந்ததுதான், பலர் விட்டுவிடுகிறார்கள். பகலில் 12 மணி நேரமாவது அறையில் வெளிச்சம் வேண்டும். நாள் முழுக்கத் திரை போட்ட அறையில் வைத்தால் சூடு சரியாக இருந்தும் மந்தமாகிவிடும். இரவில் நல்ல இருட்டு. சின்ன விளக்கு எரிந்தால்கூட வெளியே வராமல் இருக்கும் முள்ளெலிகள் உண்டு.

கூண்டையும் சக்கரத்தையும் அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள். கம்பித் தரையிலும் கம்பிச் சக்கரத்திலும் கால்விரல் மாட்டி நகம் பிய்ந்து போகும், விரலே போன முள்ளெலியைப் பார்த்திருக்கிறேன். 120க்கு 60 செ.மீ. தரை இருக்கிற, அடி மூடிய பெட்டி எதுவானாலும் சரி, காற்றோட்டம் மட்டும் இருக்கட்டும். சக்கரம் இடைவெளியில்லாத தளம் கொண்டது, குறுக்களவு 30 செ.மீ.க்குக் குறையக் கூடாது, குறைந்தால் முதுகு வளைந்தபடியே ஓடும். சக்கரத்தை மட்டும் இல்லாமல் வைத்துவிடாதீர்கள். ஒரே இரவில் பல கிலோமீட்டர் ஓடுகிற உடம்பு அது, உங்கள் முள்ளெலி அந்த எடைக்கு வந்ததே கால் வைக்க முடியாத சக்கரத்தால்தான் என்பது என் ஊகம். ஓடிக்கொண்டே மலம் கழிக்கும், ஆகவே தினமும் காலையில் சக்கரம் கழுவுகிற வேலை உங்களுக்கு உண்டு. தரைக்கு ஃப்ளீஸ் துணி அல்லது காகிதப் படுக்கை. தேவதாரு, பைன் மரத்தூள் வேண்டாம், அந்த வாசனை எண்ணெய் மூச்சுக்குழாயைக் கெடுக்கும். துணியில் நூல் பிரிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள், ஒரு நூல் காலில் சுற்றினால் ரத்த ஓட்டம் நின்று கால் கறுத்துவிடும். தலைமுடியும் அப்படித்தான்.

சாப்பாட்டில் பாலை முதல் நாளே நிறுத்துங்கள், அதற்குச் செரிக்காது. மற்றதை ஒரேயடியாக மாற்றாதீர்கள். நல்ல உலர் பூனைத் தீனி, புரதம் 30 சதவீதம் பக்கம், கொழுப்பு 15க்குள் இருப்பதாகப் பார்த்து, இப்போது சாப்பிடும் தீனியோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பத்து நாளில் மாற்றுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று முதல் இரண்டு மேசைக்கரண்டி போதும். குண்டாக இருக்கிறதே என்று பட்டினி போட்டுவிடாதீர்கள், கொழுத்த முள்ளெலி திடீரென்று சாப்பிடாமல் போனால் கல்லீரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகிவிடும். அளவைச் சரியாக வைத்துச் சக்கரத்தைக் கொடுங்கள், எடை தானாக இறங்கும். மீல்வார்ம் புழு ஆசையாகத் தின்னும், வாரத்துக்குச் சில மட்டும், அதில் கொழுப்பு அதிகம். சுவர்க்கோழி நல்லது, ஆனால் தீனிக்கென்று வளர்த்ததாக இருக்க வேண்டும், தோட்டத்தில் பிடித்தது பூச்சிமருந்து பட்டிருக்கலாம். திராட்சை, வெங்காயம், பூண்டு, சாக்லேட், வெண்ணெய்ப்பழம் கிட்டேயே வரக்கூடாது. கடலை, பாதாம் மாதிரி கொட்டைகள் மேலண்ணத்தில் சிக்கிக்கொள்ளும். தண்ணீருக்குக் கனமான பீங்கான் கிண்ணம் வையுங்கள்.

பழகுவதைப் பற்றிக் கடைசியாகச் சொல்கிறேன், ஏனென்றால் மேலே சொன்னதெல்லாம் சரியானால்தான் அது பழகும். கண் மங்கல், மூக்குதான் அதற்கு உலகம். நீங்கள் ஒரு நாள் உடுத்தித் துவைக்காத பனியன் ஒன்றை அதன் படுக்கைக்குள் வைத்துவிடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் தொடாதீர்கள். அப்புறம் தினமும் இரவு அரைமணி நேரம், ஒரு துணியோடு சேர்த்து அடியிலிருந்து இரண்டு கையாலும் அள்ளி மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்காருங்கள். தடவ வேண்டாம், பேச வேண்டும் என்றால் மெதுவாகப் பேசுங்கள். கையுறை போடாதீர்கள், போட்டால் உங்கள் வாசனை அதற்குத் தெரியவே தெரியாது. உஸ் என்றவுடன் கூண்டில் திருப்பி வைக்காதீர்கள், 'உஸ் என்றால் விட்டுவிடுவார்கள்' என்பதைத்தான் அது கற்றுக்கொள்ளும். என்னிடம் இப்போது இருப்பவள் நெற்றி முள்ளை இறக்காமல் என்னைப் பார்க்க ஐந்து வாரம் ஆனது.


வைகறை77 எழுதியது:

முள்பந்து அண்ணா சூட்டைப் பற்றிச் சொன்னதை நான் அடிக்கோடிட்டுக் காட்ட வேண்டும், அதற்காகவே எழுதுகிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு இரவு மின்சாரம் போனது. நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தோம், தெரியவில்லை. ஹீட்டர் நின்று ஐந்தாறு மணி நேரம் ஆகியிருக்கும். காலையில் தண்ணீர் மாற்றப் போனபோது தீனி அப்படியே இருந்தது, சக்கரம் சுத்தமாக இருந்தது, அந்தச் சுத்தத்தைப் பார்த்துத்தான் எனக்குத் திக்கென்றது. படுக்கைப் பையைத் திறந்தேன். என் முள்ளெலி பாதி சுருண்டிருந்தான். தொட்டால் உஸ் என்று சொல்லவில்லை. வயிற்றில் விரலை வைத்தேன், எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும் அந்த மெத்தென்ற இடம் குளிர்ந்த மாவு மாதிரி இருந்தது. தூக்கி நிறுத்தினால் நடக்க முயன்றான், குடித்தவன் மாதிரி சாய்ந்துவிட்டான்.

நல்லவேளையாக முன்னாலேயே படித்து வைத்திருந்தேன். வெந்நீரில் இறக்காதீர்கள், ஹேர் டிரையர் காட்டாதீர்கள், வேகமாகச் சூடேற்றுவது இன்னும் ஆபத்து. சட்டைக்குள் என் வயிற்றோடு அணைத்து வைத்து மேலே போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். முள் குத்தத்தான் செய்தது. பக்கத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டேன். இருபது நிமிஷம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு மூச்சு இழுத்துவிட்டான், கொஞ்சம் கழித்து மூக்கு அசைந்தது. முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது, ஒரு சின்ன உஸ் கேட்டது. அந்த உஸ் கேட்டு அழுதுவிட்டேன். தண்ணீர் குடித்ததும் நேரே மருத்துவரிடம் கொண்டுபோனேன், ஒரு தடவை இப்படிப் போனால் எதிர்ப்பு சக்தி குறைந்து அடுத்து சளி பிடிக்கும் என்று சொல்லிச் சில நாள் கவனிக்கச் சொன்னார்.

அன்றிலிருந்து இரவு படுக்கும் முன் ஒரு முறை, விடியற்காலையில் ஒரு முறை கூண்டின் வெப்பமானியைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதை எடுத்து வருவதற்கு முன்னாலேயே யோசித்து வையுங்கள் அக்கா. கெட்டியான போர்வை, இரண்டு பாட்டில், அது போதும், ஆனால் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.


நெடுவழி எழுதியது:

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபப்படாதீர்கள். மகளுக்காக எடுக்கிறீர்கள் என்றால் எடுக்காதீர்கள்.

என் மகனுக்குப் பத்து வயதில் ஒன்று எடுத்தோம். அவன் எட்டரைக்குப் படுத்துவிடுவான், அது பத்து மணிக்குமேல்தான் எழுந்திருக்கும். பகலில் எழுப்பினால் அதற்குச் சித்திரவதை, சுருண்டுகொண்டு உஸ் என்கும், அவன் கையில் குத்தும். இரண்டு மாதத்தில் அவனுக்கு ஆசை விட்டுப்போனது. எங்கள் இருவருக்கும் இரவு உட்கார நேரமில்லை. கடைசியில் நல்ல மனிதர் ஒருவரிடம் கொடுத்தோம், அங்கே நன்றாக இருந்தது. ஆனால் எங்களிடம் இருந்த ஏழு மாதமும் அது ஒரு மூலையில் தனியாகக் கிடந்தது என்பது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான். நீங்கள், நீங்கள் மட்டும், தினமும் இரவு பத்து மணிக்கு அதனோடு உட்கார முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடியும் என்றால் மகள் தீனி அளக்கட்டும், எடை பார்க்கட்டும், பிரச்சினை இல்லை.


கால்நடைத்துணை எழுதியது:

கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன், நாய் பூனையைத் தாண்டிய பிராணிகள் வரும் பிரிவில். மருத்துவர் அல்ல, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

எடுப்பதற்கு முன்னாலேயே முள்ளெலி பார்க்கத் தெரிந்த மருத்துவர் யார் என்று கண்டுபிடித்து எண்ணைக் குறித்து வையுங்கள். எல்லா மருத்துவர்களும் பார்ப்பதில்லை. சுருண்டுகொண்டால் வாயைப் பார்க்க முடியாது, வயிற்றைத் தொட முடியாது, சரியாகப் பரிசோதிக்கப் பெரும்பாலும் வாயு மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும், அதற்குப் பழக்கம் வேண்டும். இரண்டு வயது ஆகியும் ஒருமுறைகூடக் காட்டாத முள்ளெலி என்றால் வந்த இரண்டு வாரத்துக்குள் ஒரு முழுப் பரிசோதனை செய்துவிடுங்கள். பல், ஈறு, காது, நகம், தோல், மலம்.

பெண் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். சிறுநீரில் ரத்தம் பார்த்தால் 'மாதவிலக்காக இருக்கும்' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். முள்ளெலிக்கு மாதவிலக்கு கிடையாது. இந்த வயதில் பெண் முள்ளெலிக்குக் கர்ப்பப்பைக் கட்டி சகஜமாக வருகிறது, அந்த ரத்தம் அங்கிருந்து வருவதாக இருக்கலாம். சீக்கிரம் பார்த்தால் கர்ப்பப்பையை எடுத்துப் பிழைக்க வைத்த முள்ளெலிகள் உண்டு. ஆறு மாதம் கழித்துக் கொண்டுவந்தால் எங்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடிவதில்லை. வெள்ளைத் துணி அல்லது வெள்ளைக் காகிதம் விரித்து வைப்பவர்களுக்கு இது முதல் நாளே கண்ணில் படும், கறுப்புத் துணி விரித்தவர்களுக்குப் படாது. அவ்வளவு சின்ன வித்தியாசம்தான்.

முள் கொத்தாக உதிர்ந்து, தோல் பொடி பொடியாக உரிந்தால் பெரும்பாலும் மைட் என்ற மிகச் சிறிய தோல் பூச்சி, மருந்து உண்டு, நாய்க்கான மருந்தை நீங்களாக ஊற்றாதீர்கள். சாப்பிடும்போது ஒரு பக்கமாக மெல்லுவது, வாயிலிருந்து கெட்ட வாடை, வாயில் கட்டிக்கான அறிகுறியாக இருக்கலாம். பச்சை மலம் இடமாற்றத்தின் பதற்றத்தில் ஒன்றிரண்டு நாள் வரும், அதற்குமேல் நீடித்தால் கொண்டுவாருங்கள். வாரம் ஒரு முறை ஒரே கிழமையில் சமையலறை எடை மெஷினில் எடை பார்த்து எழுதி வையுங்கள். நோயை மறைப்பதில் முள்ளெலி கெட்டிக்காரப் பிராணி, எடைதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

தள்ளாட்ட நோய் என்று ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று வயதுக்குள் தொடங்கும். முதலில் பின்னங்கால் தடுமாறும், சுருளும்போது சரியாக மூட முடியாது, பிறகு மெல்ல முன்பக்கம் ஏறி ஒன்றரை இரண்டு வருஷத்தில் முடித்துவிடும். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பின் உறை சிதைவதால் வருவது, குணமாக்க மருந்து இல்லை. உங்கள் முள்ளெலி முழுசாக மூடாததற்குக் கொழுப்புதான் காரணமாக இருக்கும், இருந்தாலும் நடையையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

மகள் விஷயம். ஆரோக்கியமாகத் தெரியும் முள்ளெலியின் மலத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். அமெரிக்காவில் 2019இல் வளர்ப்பு முள்ளெலிகளிடமிருந்து பரவிய சால்மோனெல்லாவை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்திருந்தது. தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், முத்தம் கொடுக்கக் கூடாது, சக்கரத்தையும் கிண்ணத்தையும் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. ஒன்பது வயதுப் பிள்ளை சொன்னால் கேட்கும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தை இருந்திருந்தால் நான் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.


கண்ணாடிச்சன்னல் எழுதியது (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. அனுமதி விசாரித்தேன், எங்கள் இடத்தில் தடை இல்லை. நெடுவழி கேட்ட கேள்வியை இரண்டு இரவு யோசித்தேன். மகளிடமும் உட்கார்ந்து பேசினேன், இது உன் விளையாட்டுச் சாமான் இல்லை, அம்மாவின் பொறுப்பு, நீ உதவி செய்வாய் என்று. ஒப்புக்கொண்டாள். போன வெள்ளி எடுத்து வந்துவிட்டோம்.

புதுப் பெட்டி, ஹீட்டர், 30 செ.மீ. சக்கரம், பனியன் எல்லாம் தயார். முதல் இரண்டு இரவு ஒரு சத்தமும் இல்லை. மூன்றாம் இரவு ஒரு மணிக்கு டக் டக் டக் என்று சக்கரம் ஓடும் சத்தம் கேட்டது, மகளும் நானும் இருட்டில் நடுக்கூடத்தில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தோம்.

ஆனால் நேற்று இரவு பயந்துவிட்டேன். முதல் முறையாக மடியில் வைத்தேன், என் கையில் புதுக் கிரீம் தடவியிருந்தேன், அதை மோந்து, நக்கி, லேசாகக் கடித்தும் பார்த்தது. அப்புறம் வாயில் நுரை தள்ளியது. கழுத்தை முறுக்கிக்கொண்டு முதுகுப் பக்கம் திரும்பி அந்த நுரையை நாக்கால் முள்ளில் பூசுகிறது, பின்னங்கால் வழுக்கி விழுகிறது, மறுபடி எழுந்து மறுபடி பூசுகிறது. வலிப்பா, வெறிநோயா என்று கை நடுங்கியது. பத்து நிமிஷத்தில் ஒன்றும் நடக்காத மாதிரி போய்த் தீனி தின்றது. இது என்ன?


முள்பந்து எழுதியது:

பயப்படாதீர்கள், அது நோய் இல்லை. புதிதாக, வீச்சமாக ஏதாவது வாசனை கிடைத்தால் அதை மென்று நுரையாக்கித் தன் முள்ளில் பூசிக்கொள்வது எல்லா முள்ளெலியும் செய்கிற காரியம், குட்டியிலிருந்தே செய்யும். எதற்காக என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்கே ஒரே முடிவு இல்லை. எதிரியைக் குழப்ப என்பார்கள், முள்ளில் நஞ்சேற்ற என்பார்கள். தேரையின் தோலைக் கடித்து அந்த நஞ்சைப் பூசிக்கொண்டதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். முதல் தடவை பார்க்கும் எல்லோரும் உங்களைப் போலத்தான் மருத்துவருக்குப் போன் போடுவார்கள், நானும் போட்டேன்.

நீங்கள் கவனிக்க வேண்டியது அந்தக் கிரீம். வாசனையான எதையும் தடவிக்கொண்டு எடுக்காதீர்கள், அது நக்கிவிடும், உள்ளே போகக் கூடாதது. வாசனையில்லாத சோப்பில் கை கழுவிவிட்டு எடுங்கள். தீனி தொட்ட கையோடும் எடுக்க வேண்டாம், தீனி என்று நினைத்துக் கடிக்கும். கடித்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள், விடும்வரை பொறுங்கள். முதல் இரவே மடியில் இருந்துகொண்டு இதைச் செய்தது என்றால் உங்களை முகர்ந்து பார்க்கிற அளவுக்கு அது பயம் தெளிந்திருக்கிறது. சுருண்டு கிடக்கிற முள்ளெலி எதையும் நக்காது.

நகம் எப்படி இருக்கிறது? கம்பித் தரையில் இருந்தவை வளைந்து உள்ளே திரும்பியிருக்கும். ஒரு அகலமான தொட்டியில் அதன் கணுக்கால் அளவு வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு இரண்டு நிமிஷம் நடக்க விடுங்கள், பாதம் கழுவின மாதிரியும் ஆகும், நீருக்குள் சுருளாமல் நிற்பதால் நுனியை மட்டும் கத்தரித்துவிடலாம். ஒரே நாளில் எல்லா நகமும் வேண்டாம், இரண்டு கிடைத்தால் இரண்டு. முடிந்ததும் நன்றாகத் துவட்டிச் சூடான இடத்தில் வைக்க மறக்காதீர்கள்.


கண்ணாடிச்சன்னல் எழுதியது (இன்னும் ஏழு வாரம் கழித்து):

சொல்லாமல் போகக் கூடாது என்று வந்தேன். மருத்துவரிடம் முழுப் பரிசோதனை ஆனது. ஒரு கடைவாய்ப் பல்லில் ஈறு வீங்கியிருந்தது, மருந்து கொடுத்தார், சரியாகிவிட்டது. நடையில் கோளாறு இல்லை, கொழுப்புதான் என்றார். தரைக்கு வெள்ளை ஃப்ளீஸ்தான் விரிக்கிறோம், தினமும் காலையில் மகள் வந்து துணியைப் பார்த்து "சுத்தம் அம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் பள்ளிக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை எடை நாள். 640, 628, 631, 615 என்று அவளே ஒரு நோட்டில் எழுதிவருகிறாள், இந்த வாரம் 572.

நகம் இன்னும் நான்கு பாக்கி இருக்கிறது. உஸ் நின்றுவிடவில்லை. கதவு அடித்தால், நான் தும்மினால், உடனே நெற்றி முள் இறங்கிவிடும். கடிப்பதில்லை.

நேற்று இரவு பத்தரைக்கு வழக்கம்போல மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது துணிக்கு அடியில் நுழைந்து, என் முழங்கை மடிப்பில் மூக்கைச் சொருகிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் முள்ளெல்லாம் படுத்துவிட்டது, தலையிலிருந்து வால்வரை ஒரே வாகாக, கையால் தடவினால் தூரிகையைத் தடவுவதுபோல வழுவழுவென்று போகிறது. பின்னங்கால் ஒன்று துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, நான்கு விரல், அடிப்பாதம் ரோஸ் நிறம். அப்படியே தூங்கிவிட்டது. எழுந்து ஓட வேண்டிய நேரம் அதற்கு, எழுப்பலாமா வேண்டாமா என்று தெரியாமல் பன்னிரண்டு மணிவரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் தானாக எழுந்து, என் கையை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு இறங்கிச் சக்கரத்துக்குப் போனது.